ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில்?

கேள்வி: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். கோயில், ஆஸ்பத்திரி, எப்போதாவது ஒரு கல்யாணம். ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டரைத் தாண்டாது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் கணக்குப்படி ஐந்து ஆண்டு ஓட்டலாம். சர்வீஸ் சென்டரிலோ வருடா வருடம் கூப்பிடுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் சர்வீஸ் சென்டர் சொல்வதையே கேளுங்கள். வண்டியோடு கொடுத்த கையேட்டைப் புரட்டினால், பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு ‘10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்றுதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பாதி வரியோடு நிறுத்திக்கொண்டார்.

சீல் உடைக்காத டப்பாவில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் ஆயில், இன்ஜினுக்குள் போனபின் தாங்குவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். மிச்சத்தில் கொஞ்சம், எரியாத பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி, வென்டிலேஷன் வால்வு வழியாக உறிஞ்சப்பட்டு மறுபடி எரிந்துபோகும். சூடேறும் முன்பே வண்டியை நிறுத்தினால், சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பதுபோல வால்வு கவரின் உள்பக்கம் துளி கோத்து ஆயிலில் விழும். நீரும் எரிந்த கழிவும் சேர்ந்தால் அமிலம். அதை முறிக்க ஆயிலில் காரச் சேர்மானம் இருக்கிறது; அது தீர்ந்தபின் அமிலம் பேரிங்கை அரிக்கத் தொடங்கும்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று சமாதானப்பட வேண்டாம். முள் காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதற்குப் பிறகுதான் சூடாகும். 20 நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்வரும் தூரத்தில் அது நடக்காது. இப்படிச் சின்னச் சின்னதாக ஓடிய 2,000 கிலோமீட்டர், சென்னை நெடுஞ்சாலையில் ஓடிய 10,000 கிலோமீட்டரைவிட ஆயிலுக்குக் கொடுமை. பல கையேடுகளில் குறுந்தூர ஓட்டம் ‘கடினப் பயன்பாடு’ என்ற தலைப்பில்தான் வரும்.

அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். இடையிடையே நல்ல ஓட்டம் கொடுத்தால் ஆண்டுக்கு ஒன்று போதும். மாதத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றால் ஜனவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்ந்த ஈரம் பழைய ஆயிலோடு வெளியே போய்விடும். மழைக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெளிர்மஞ்சள் பசை அப்பியிருந்தால் அது நீர் கலந்த ஆயில். மூடியில் மட்டும் என்றால் ஒரு நீண்ட ஓட்டத்தில் சரியாகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலன்ட்டும் குறைகிறது என்றால், கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்; வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காரை வெளியே எடுப்பதில்லை. ஆனால் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். இது போதுமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் அதை நிறுத்துங்கள். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். ஐந்து நிமிட ஐடிலில் ஆயில் சூடேறாது. மேலே சொன்ன நீரும் பெட்ரோலும் தினமும் ஆயிலில் சேரும். சைலன்சரிலும் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துரு பிடிக்கும். பேட்டரிக்கும் லாபமில்லை, ஸ்டார்ட்டர் எடுத்த சார்ஜ் இந்த ஐடிலில் முழுதாகத் திரும்பாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுச்சேரி வரை ஓட்டிவிட்டு வாருங்கள். போக மட்டும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயில், பேட்டரி, பிரேக், டயர், ஏ.சி. எல்லாவற்றுக்கும் அந்த ஓட்டமே வைத்தியம்.

கேள்வி: மகன் ஃபிரான்ஸில் இருக்கிறான். ஜூலை, ஆகஸ்டில் வரும்போது மட்டும் காரை எடுப்பான். மற்ற பத்து மாதம் ஷெட்டில்தான். எங்களுக்கு ஓட்டத் தெரியாது. ஆயிலை அவன் வந்ததும் மாற்றுவதா, போகும்போதா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போகும்போது. வந்ததும் மாற்றுவதுதான் பலரின் பழக்கம், ஆனால் அது தலைகீழ். பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் பத்து மாதம் பேரிங்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அன்றே அரை மணி நேரம் ஓட்டி, புது ஆயில் எல்லா இடத்திலும் படிந்தபின் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த ஜூலையில் மறுபடி மாற்ற வேண்டியதில்லை. அவர் ஓட்டிவிட்டுக் கிளம்பும்போது அடுத்தது.

டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து, பம்ப் உறிஞ்சும் அடிப்பகுதியில் தங்கும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு.

ஹேண்ட் பிரேக் போட்டு வைக்கக் கூடாது. உங்கள் ஊர் கடற்காற்றில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டயரில் வழக்கத்தைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று. பிளாஸ்டிக் உறை வேண்டாம், வேர்த்து உள்ளே துரு ஏறும். காற்றுப் புகும் துணி உறையே சரி. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கழற்றினாலும் நம் வெயிலில் அது தானாகவே இறங்கும், எனவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சார்ஜ் போட ஆள் வேண்டும். சார்ஜ் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே விடாதீர்கள். இவ்வளவு பாடுபடுவதைவிட, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து மாதம் இருமுறை ஓட்டச் சொல்வதே மேல் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: 2021இல் வாங்கிய டீசல் கார். வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும்தான். ஆயில் குறையும் என்பார்கள். என் வண்டியில் டிப்ஸ்டிக் ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது. நான் ஊற்றவே இல்லையே?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஏறியது டீசலாக இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் கரி பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும், இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, அந்தச் சூட்டில் கரியை எரிக்கும். எரிந்து முடிப்பதற்குள் நீங்கள் கடைவாசலில் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் டர்போவும் பேரிங்கும் தேயும். அளவு மிகவும் ஏறிவிட்டால், இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் அபாயம்கூட உண்டு.

மேலே இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மிச்சமிருப்பதும் கலப்படம்தான். முழுதாக மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ரகமே வேண்டும், பொதுவாக டப்பாவில் ‘ஏ.சி.இ.ஏ. சி2’ அல்லது ‘சி3’ என்றிருக்கும். வேறு ஆயிலின் சாம்பல் டி.பி.எஃப்.பை அடைக்கும், அது கழுவிப் போகாது. பிறகு வாரம் ஒருமுறை திண்டிவனம் நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம், 60 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். அதற்கு வழியில்லை என்றால், அடுத்தது பெட்ரோல் கார் வாங்குங்கள்.

கேள்வி: வருடத்துக்கு ஒரு ஆயில்தானே, நானே மாற்றிக்கொள்ள முடியுமா? என்னுடையது ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின்.
- வாசகர், கூத்தப்பாக்கம், கடலூர்

பதில்: முடியும். இந்த அளவு இன்ஜின்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். சரியான அளவும் கிரேடும் கையேட்டில். 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதையே வாங்குங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி’ என்று 20டபிள்யூ-40ஐ நீட்டுகிற கடைகள் இன்னும் உண்டு. வாரக்கணக்கில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில விநாடிகளில் மெல்லிய ஆயில்தான் மேலே சீக்கிரம் ஏறும். உள்ளே கழுவ ஊற்றும் இன்ஜின் ஃப்ளஷும் வேண்டாம்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, கொஞ்சம் ஆறவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது; ஸ்டாண்ட் கட்டாயம். ட்ரெயின் போல்ட் பெரும்பாலும் 14 அல்லது 17 எம்.எம். மேல் மூடியையும் திறந்து வைத்து 15 நிமிடம் வடியட்டும். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் அலுமினிய ஆயில் பேனின் மரை போய்விடும், அதுதான் வீட்டில் செய்பவர்களுக்கு அதிகச் செலவு வைப்பது.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் இன்ஜினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை மாட்டினால், சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் தரையில். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் முறுக்கி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

கையேட்டில் சொன்னதைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைவதைப் பார்த்து நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை விட்டு நிரப்பலாம். ‘மேக்ஸ்’ கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானட்டுக்கு உள்ளே ஒட்டுங்கள். கழிவு ஆயிலைக் கெடிலத்தில் போய்ச் சேரும் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கேள்வி: போன வருடம் மிஞ்சிய அரை லிட்டரை இந்த வருடம் பயன்படுத்தலாமா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: மூடியை இறுக்கி, வெயில் படாமல், வீட்டுக்குள் வைத்திருந்தால் குறைந்த அளவை நிரப்பப் பயன்படுத்தலாம். கலங்கியிருந்தாலோ அடியில் வண்டல் தெரிந்தாலோ கேட் கீலுக்கு விடுங்கள்.