பஸ்ஸில் ‘ஆயா’ என்றார்கள், ஆஸ்பத்திரியில் ‘வயசாயிடுச்சு’ என்றார்கள்: 61 வயதில் நான் கிழவியா?

கேள்வி: டாக்டர், எனக்கு 61 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். தக்காளித் தோட்டம் இருக்கிறது, நானும் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். போன மாதம் டவுன் பஸ்ஸில் காலேஜ் பையன் ஒருவன் எழுந்து, “ஆயா, இங்க உக்காருங்க” என்றான். நல்ல பையன்தான். என் பேரன் கூப்பிட்டால் இனிக்கிற சொல்தான். ஆனாலும் அன்று முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது. அந்த வாரமே முதுகு, முட்டி வலி, சோர்வு என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். “அறுபது தாண்டிடுச்சு இல்லம்மா, அப்படித்தான் இருக்கும்” என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருடமாகக் காலையில் எழுந்தால் முதுகு மரக்கட்டை போல இருக்கிறது. கழுத்தைக் கீழே குனிக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து போர் தண்ணீர்தான் குடித்தோம். இப்போது ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, வராத நாளில் பழையபடி போர்தான். எந்த வயதிலிருந்து ஒருத்தி கிழவி? தோட்ட வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பஸ்ஸில் நடந்தது மனதில் நின்றது. இரண்டாம் முறை, “கழுத்தைக் குனிக்க முடியவில்லை” என்பதும் “போர் தண்ணீர்” என்பதும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணில் பட்டன. அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஆனால் நீங்கள் முதலில் கேட்டது வயதைப் பற்றி. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சட்டப்படி நீங்கள் மூத்த குடிமகள்தான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களின் பராமரிப்புக்காக 2007-ல் வந்த சட்டம் 60 வயதில் கோடு போட்டிருக்கிறது. வருமான வரிக்கும் 60தான், 80-ல் இன்னொரு படி உண்டு. ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை இருந்தவரை பெண்ணுக்கு 58, ஆணுக்கு 60 என்று இருந்தது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் வருமானம் பார்க்காமல் சேர்த்துக்கொள்வது 70 வயதிலிருந்து. நம் மாநில அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது, 2020-ல் 59 ஆனது, அடுத்த வருடமே 60 ஆனது. அந்த ஊழியர்களின் உடம்பில் இதனால் எதுவும் மாறவில்லை, கோடுதான் தள்ளிப் போனது. 1889-ல் ஜெர்மனியில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தபோதும் 70 என்று வைத்து, 1916-ல் 65 ஆகக் குறைத்தார்கள். பணமும் பதிவேடும் சம்பந்தப்பட்ட எண்கள் இவை. உங்களுக்குச் சேர வேண்டிய சலுகை எதுவாக இருந்தாலும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பு இப்படி ஒரு தேதி வைத்துக்கொண்டு முதுமை அடைவதில்லை. வெள்ளெழுத்து நாற்பதைத் தாண்டியதும் வந்துவிடும். எலும்பின் பலம் முப்பது வாக்கில் உச்சத்துக்குப் போய், மாதவிலக்கு நின்ற பிறகு வேகமாகக் குறையும். தசையும் நடுத்தர வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபதுகளிலும் அப்படியே நிற்கும். ஒரே ஆளுக்குள் இத்தனை கணக்குகள் ஓடும்போது, 61 என்ற எண்ணை மட்டும் வைத்து உங்களைக் கிழவி என்றோ இல்லை என்றோ நான் எப்படிச் சொல்வேன்? எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, ராத்திரி தூங்குகிறீர்களா, பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறீர்களா, இவைதான் எனக்கு வேண்டும்.

அந்த ‘ஆயா’ ஏன் தைத்தது என்று நானும் யோசித்தேன். பேரன் சொல்லும்போது அது உறவு. பஸ்ஸில் அந்தப் பையன் சொன்னபோது, உங்கள் தோற்றத்தைப் பற்றி ஒரு முன்பின் தெரியாதவர் தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அக்கா, அம்மா, ஆயா என்று படி மாறுவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திடீரென ஒரு நாள் கூப்பிட்டுவிடுகிறார்கள். வலித்தது இயல்பு, அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டில் ‘அவ்வா’ என்றால் பாட்டி, கன்னடம் பேசும் வீட்டில் ‘அவ்வா’ என்றால் அம்மா. ஒரே தெருவில் ஒரே சொல்லைக் கேட்டு ஒரு வீட்டில் முப்பது வயதுப் பெண்ணும் அடுத்த வீட்டில் எழுபது வயதுப் பெண்ணும் திரும்பிப் பார்ப்பார்கள். தர்மபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்ட அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஔவையின் பெயருக்கும் தாய், மூதாட்டி என்று இரண்டு பொருளும் உண்டு. அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பஸ்ஸில் கேட்ட சொல்லைவிட ஆஸ்பத்திரியில் கேட்டதுதான் எனக்குக் கவலை. “வயசாயிடுச்சு” என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது. அப்படிச் சொன்னதும் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது, பரிசோதனையும் நின்றுவிடுகிறது. மருத்துவர்கள் மட்டும் இப்படிச் செய்வதில்லை. என் முன்னால் அம்மா உட்கார்ந்திருப்பார், பின்னால் நிற்கும் மகன், “வயசாயிடுச்சு டாக்டர், அதான்” என்பார், அம்மாவும் தலையாட்டுவார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8 இருக்கும். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, அது எந்த வயதுக்கும் பொருந்தும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, சர்க்கரை, மனச்சோர்வு இவை எல்லாமே சோர்வாகத்தான் வெளியே தெரியும், எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஐம்பது தாண்டிய 660 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் முதுமையை நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். நினைப்பு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் “வயசு, அப்படித்தான்” என்று விட்டுவிடுபவர் நடப்பதையும் குறைப்பார், மருத்துவரிடம் போவதையும் தள்ளிப்போடுவார் என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

சரி, உங்கள் கழுத்துக்கு வருவோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். இங்குள்ள பாறையிலிருந்து கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்று இந்திய அளவுகோல் சொல்கிறது. அதற்கு மேல் உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் ஃப்ளூரைடு எலும்பிலும் தசைநார்களிலும் படியும், மூட்டுகள் இறுகும், முதுகுத்தண்டு வளைய மறுக்கும். இதைத்தான் ஃப்ளூரோசிஸ் என்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்று இருப்பது இதனால்தான். அது 2013-ல்தான் வந்தது. அதற்கு முன் நீங்கள் குடித்த தண்ணீர் எலும்பில் இன்னும் இருக்கலாம். பல்லில் பழுப்புக் கோடு இல்லையே என்று நினைக்காதீர்கள். பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் பல்லில் கறை வரும். கல்யாணமாகி வந்து குடித்தவருக்குப் பல் நன்றாகவே இருக்கும், எலும்பு மட்டும் பாதிக்கப்படும்.

வீட்டிலேயே மூன்று விஷயங்கள் செய்து பாருங்கள். நின்றபடி முட்டியை மடக்காமல் குனிந்து கால் கட்டை விரலைத் தொட முடிகிறதா? தாடையை நெஞ்சில் வைக்க முடிகிறதா? இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பிடரியைத் தொட முடிகிறதா? வலுக்கட்டாயமாகச் செய்ய வேண்டாம், வருகிற வரை போதும். இவை முடியாவிட்டால் ஃப்ளூரோசிஸ்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், கழுத்து எலும்புத் தேய்மானத்திலும் இப்படி ஆகும். முன்கையையும் முதுகையும் எக்ஸ்ரே எடுத்து, சிறுநீரில் ஃப்ளூரைடு அளவு பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் போர் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வராத நாளுக்காக மூடி போட்ட பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்க, மாட்டுக் கொட்டகை கழுவ போர் தண்ணீர் போதும். களி கிளறும் தண்ணீரும் சமையல் தண்ணீர்தான், அதை மறந்துவிட வேண்டாம். டீயிலும் ஃப்ளூரைடு உண்டு, நாளைக்கு நாலைந்து என்றால் ஒன்றிரண்டாகக் குறையுங்கள். கால்சியமும் வைட்டமின் சியும் நன்றாகச் சேர்கிற உடம்பில் பாதிப்பு குறைவு. அதற்கு நாம் ஊர் விட்டு ஊர் போக வேண்டாம்: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, கூட மோர், முருங்கைக் கீரை, தினம் ஒரு நெல்லிக்காய். எலும்பில் ஏற்கெனவே படிந்ததை எடுக்க மருந்து கிடையாது, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீரை மாற்றினால் அது மேலே போகாமல் தடுக்கலாம், வலியும் பலருக்குக் குறைகிறது.

அப்புறம் அந்த வலி மாத்திரை. மெடிக்கலில் திரும்பத் திரும்ப வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும். உடம்பில் சேரும் ஃப்ளூரைடை வெளியே தள்ளுவதே சிறுநீரகம்தான். அதைக் கெடுத்துக்கொண்டால் எலும்பில் இன்னும் அதிகமாகத் தங்கும். அடுத்த முறை போகும்போது கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12, வைட்டமின் டி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலில் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு முதுகு வலிப்பது, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அன்றே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தோட்ட வேலையை விட வேண்டாம். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும். கூடை தூக்குவதை மட்டும் வீட்டுக்காரரிடமோ கூலி ஆளிடமோ விடுங்கள். குந்தி உட்கார்ந்து களை எடுப்பதற்குச் சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் நேராக வேலைக்கு இறங்காமல் பத்து நிமிடம் கழுத்து, தோள், இடுப்பை மெதுவாக அசைத்துவிட்டுப் போங்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பதினைந்து வினாடிக்கு மேல் ஆகிறதென்றால் தொடைத் தசை பலவீனமாக இருக்கிறது. அப்படியானால் அதையே தினமும் காலை மாலை பயிற்சியாகச் செய்யுங்கள், முட்டிக்கும் அது நல்லது. களியோடு கொள்ளு, அவரை, முட்டை என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

மூன்று அசைவுகளில் எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு தாளில் குறித்து, தண்ணீர் சோதனைச் சீட்டையும் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவரும் “வயசு” என்றால், “அது சரிங்க, ஆனால் போர் தண்ணீர் குடித்திருக்கிறேன், ஃப்ளூரைடு இருக்கிறதா என்று பாருங்கள்” என்று கேளுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.