கேளுங்கள், சொல்கிறோம்: மாடி தளத்துக்கு முதலில், ஏசிக்கு அப்புறம்

கேள்வி: தாம்பரம் பக்கம் 1,200 சதுர அடி மனையில் வீடு கட்டுகிறோம். மொட்டை மாடிக்கு இன்சுலேஷன் போடச் சொல்லி மத்திய அரசின் விதி இருப்பதாக இன்ஜினியர் சொல்கிறார். மேஸ்திரியோ சுர்க்கி (செங்கல், சுண்ணாம்புக் கலவை) போட்டு தட்டோடு பதித்தாலே போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இன்ஜினியர் சொல்வது எகோ நிவாஸ் சம்ஹிதா. வீடுகளில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த, மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. 2018-ல் கொண்டுவந்த விதித்தொகுப்பு அது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 5,380 சதுர அடிக்குக் குறையாத மனைகளுக்காக எழுதப்பட்டது என்பதால் உங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அதில் உள்ள கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் மனையின் அளவைப் பார்த்து அடிப்பதில்லையே!

கூரை வழியாக வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதற்கு யூ-வேல்யூ என்று ஓர் அளவு உண்டு, அது 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது விதி. வெறும் ஆறு அங்குல கான்கிரீட் தளத்துக்கு இது 3-க்கு மேல் வரும். மேஸ்திரி சொல்கிற சுர்க்கியை நாலு அங்குலம் போட்டாலும் 2-க்குக் கீழே வராது. அதே தளத்தின் மேல் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். போர்டு (வெப்பம் தடுக்கும் கெட்டி ஃபோம் பலகை) பதித்தால் 1-ஐ ஒட்டி வந்துவிடுகிறது, இரண்டு அங்குலம் போட்டால் அதிலும் பாதிதான். முதலில் வாட்டர்ப்ரூஃபிங் முடித்து, தண்ணீர் கட்டி ஒழுகல் பார்த்துவிட்டு, போர்டு, கம்பி வலை, கான்கிரீட், கடைசியாக வெள்ளை டைல்ஸ் என்ற வரிசையில் போகச் சொல்லுங்கள். மாடியில் ஆள் நடமாட்டம் இருக்கும், அதனால் மலிவான மெல்லிய தெர்மாகோல் வேண்டாம், அழுத்தம் தாங்கும் போர்டாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஜன்னல். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களுக்கு, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு வீட்டுத் தரைப் பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 600 சதுர அடிக்கு 100 சதுர அடி. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், எனவே பாதி அளவைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அடுக்குமாடியில் கடைசி மாடியில் இருக்கிறோம். 120 சதுர அடி படுக்கையறையில் 1.5 டன் ஃபைவ் ஸ்டார் ஏசி இருந்தும் இரவு பதினோரு மணி வரை குளிரவே இல்லை. 2 டன் வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த அறைக்கு 1.5 டன் தாராளம். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் பகல் முழுக்க வெயிலை வாங்கிய தளம் இப்போது உங்கள் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது, பாவம் ஏசி அதோடு மல்லுக்கட்டுகிறது. சங்கத்தில் பேசி மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்டாவது அடிக்கச் சொல்லுங்கள். அவுட்டோர் யூனிட் வெயிலில் நிற்கிறதா, காற்று வெளியேற இடம் இருக்கிறதா, காப்பர் பைப் மேல் உள்ள உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செட்டிங்கை 18-க்கு இறக்குவதால் அறை வேகமாகக் குளிராது, கரண்ட் பில்தான் ஏறும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று பி.இ.இ.யே சொல்கிறது. 2020 முதல் புது ஏசிகள் 24-ல்தான் ஆன் ஆகின்றன. தளத்தைச் சரிசெய்த பிறகு, ஃபேனையும் ஓடவிட்டு அந்த 24-லேயே ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.