டிரெய்லரின் பின்விளக்கை மாற்றும்போது, துருப்பிடித்து இறுகிய ஸ்க்ரூவை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

தலை வழுக்கத் தொடங்கிய ஸ்க்ரூவின் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுங்கள். இன்னும் ஒரு முறை அழுத்தித் திருகினால் தலையில் மிச்சமிருக்கும் பள்ளமும் போய்விடும்.

நவி மும்பை களம்போலியில் லாரி எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்து எனக்கு 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. நவசேவா துறைமுகத்துக்குப் போய்வரும் 40 அடி டிரெய்லர்களே என் வேலையில் பெரும்பகுதி. கடற்காற்றின் உப்பும், ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையும் சேர்ந்து இங்கே இரும்பை அரிக்கும் வேகத்தை, நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் வண்டி வைத்திருப்பவர்கள் நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள். இரும்பு துருவாக மாறும்போது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கு நடுவே விரிய இடமில்லாததால், அந்தத் துருவே ஸ்க்ரூவையும் நட்டையும் நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. எனவே துருவை நொறுக்காமல் கைப்பலத்தை மட்டும் கூட்டினால், உடைவது ஸ்க்ரூதான்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பட்டறை தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு ஜூலை மாத மாலையில், இரும்புச் சுருள் ஏற்றி அன்றே கோயம்புத்தூர் புறப்பட வேண்டிய டிரெய்லர் ஒன்று, இடப்பக்கப் பின்விளக்கு நொறுங்கிய நிலையில் வந்தது. ஓட்டுநர் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, காட் மலைப்பாதை ஏறுறதுக்குள்ள இருட்டிடும்" என்றார். மூன்று ஸ்க்ரூக்கள் எப்படியோ வந்துவிட்டன. நான்காவது வழுக்கியதும், பொறுமையிழந்து அதன் நடுவில் துளையிட்டு, வழுக்கிய ஸ்க்ரூவைப் பிடித்து வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கருவியை இறக்கி முழு வலுவோடு திருகினேன். அது துளைக்குள்ளேயே முறிந்தது. எக்ஸ்ட்ராக்டர் கடினப்படுத்திய எஃகால் ஆனது. சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கி ஓடுமே தவிர உள்ளே இறங்காது.

பக்கத்துப் பட்டறையின் வயதான மராட்டிய ஃபிட்டர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல், விளக்குத் தகட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். காய்ந்த சேற்றுக்கு அடியில், இரண்டு பொட்டு வெல்டிங்கில் ஒட்டியிருந்த நட் தெரிந்தது. முன்பக்கம் தலையைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு, பின்பக்கம் நட்டை உளியால் பெயர்த்ததும், முறிந்த துண்டோடு எல்லாமே தரையில் விழுந்தது. அதற்குள் மூன்று மணி நேரம் போயிருந்தது. புது விளக்குக்குப் பல நாட்களாகப் பணம் தராமல் இழுத்தடித்த, அந்த டிரெய்லரின் சொந்தக்கார நிறுவனம், தாமதத்துக்காக ஓட்டுநரின் படிப் பணத்தில் பிடித்தம் செய்தது என்று பிறகு அறிந்தேன். அவசரப்பட்டவன் நான், பணம் போனது அவருக்கு. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்று நான் செய்வது இதுதான். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தகட்டின் இரு பக்கமும் கம்பி பிரஷ்ஷால் சேற்றையும் துருவையும் சுரண்டுகிறேன். துருவை இளக்கும் ஸ்ப்ரேயை முன்பக்கத் தலைமேல் அடித்தால் மரைவரை போய்ச் சேர்வது அரிது. பின்பக்கம், மரை வெளியே தெரியும் முனையில் அடிக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் ஊற வேண்டும், இரவு முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது. பிறகு தலையின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் பிட்டை நேராக நிறுத்தி, சுத்தியலால் நான்கைந்து முறை அளவாகத் தட்டுகிறேன். அந்த அதிர்ச்சியில்தான் துரு நொறுங்குகிறது. அடுத்து, கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பிப் பார்க்கிறேன். அசைந்துவிட்டால், முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக வெளியே கொண்டுவரலாம். பிட் வழுக்கினால், வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் துளி எடுத்து அதன் முனையில் தடவினால் பிடிமானம் கிடைக்கும்.

கேஸ் வைத்துச் சூடாக்கினால் ஐந்து நிமிட வேலை என்று சிலர் சொல்வார்கள். சூடு பலன் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. சேசிஸ் போல்ட்டுக்கு நானும் வைக்கிறேன். ஆனால் பின்விளக்கைச் சுற்றி இருப்பவை பிளாஸ்டிக்கும் வயரும் பிரேக்கின் காற்றுக் குழாயும். போதாததற்கு, அடித்து வைத்த ஸ்ப்ரேயும் தீப்பற்றக்கூடியது. நான்கு ஸ்க்ரூவுக்கு இத்தனை பேச்சா என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி பின்விளக்கின் சிவப்பு ஒளி 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். மழையில் ஓரங்கட்டி நிற்கும் டிரெய்லரைப் பின்னால் வருபவருக்குக் காட்டிக்கொடுக்க அந்த விளக்கை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

திரும்ப மாட்டும்போது பழைய ஸ்க்ரூவைப் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் பூட்டு நட்டும் போட்டு, மரை மறுபடி இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் கிரீஸைத் தடவுங்கள். தகடு அலுமினியமாக இருந்தால் கிரீஸை விடவே கூடாது. உப்புநீர் பட்டால் ஸ்டெயின்லெஸ்ஸைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப் பொடியாகிவிடும். எர்த் வயர் உட்காரும் இடத்தையும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்துவிடுங்கள். புது விளக்கு மங்கலாக எரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.