கார்டு வந்துவிட்டது, டைவிங் வரவில்லையே?

கேள்வி: அந்தமான் ஹேவ்லாக்கில் மூன்று நாள் ‘ஓப்பன் வாட்டர்’ என்ற தொடக்கநிலை ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடித்தேன். பேடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் சான்றிதழ் கார்டும் ஈமெயிலில் வந்துவிட்டது. ஆனால் கடலில் மூன்று முறைதான் இறங்கினோம். டைவ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் நான்கு என்று எழுதச் சொன்னார்கள். தண்ணீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பயிற்சியை ஒரே ஒரு தடவை செய்தேன். மூக்கில் தண்ணீர் ஏறித் திணறியதும் இன்ஸ்ட்ரக்டரே மாஸ்க்கை மாட்டிவிட்டு, ஓகே சைகை காட்டி அடுத்தவரிடம் போய்விட்டார். ஒரே மட்டத்தில் மிதந்து நிற்க இன்னும் வரவில்லை. சென்டரில் கேட்டால், ‘கார்டுதான் வந்துவிட்டதே மேடம், போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் மிச்சப் பயிற்சியைக் கேளுங்கள். அதுவரை இந்தக் கார்டை நம்பி, அது அனுமதிக்கும் 18 மீட்டர் ஆழத்துக்கு எங்கேயும் இறங்க வேண்டாம்.

பேடி விதிப்படி இந்தக் கோர்ஸில் நீச்சல்குளத்திலோ அலையில்லாத ஆழங்குறைந்த நீரிலோ ஐந்து கட்டப் பயிற்சி, அப்புறம் திறந்த நீரில் நான்கு டைவ். அந்த நான்கையும் ஒரே நாளில் அடுக்கவும் கூடாது, குறைந்தது இரண்டு நாள் வேண்டும். மூன்றை நான்கு என்று எழுதவைத்தது அப்பட்டமான விதிமீறல்.

மாஸ்க் விஷயம் இன்னும் முக்கியம். ஒவ்வொரு பயிற்சியையும் மாணவர் ஓரளவு சௌகரியமாக, தடுமாறாமல், மறுபடி செய்யச் சொன்னாலும் செய்யும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும் என்பது விதி. கை கால் அசைக்காமல் 30 விநாடி மிதந்து நிற்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒருமுறை திணறி முடித்ததைத் தேர்ச்சி என்று எந்த இன்ஸ்ட்ரக்டரும் எழுத முடியாது. ‘மூன்று நாள்’ என்பது படகு, அறை வாடகைக்கு ஏற்ப சென்டர்காரர்கள் போட்ட கணக்கு. பயிற்சி கைவராத ஒருவருக்கு நான்காம் நாள் தேவைப்பட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அல்லது கார்டு கொடுக்காமல் அனுப்ப வேண்டும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேடி 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். பாடத்திட்டம், இன்ஸ்ட்ரக்டர் தேர்வு, கார்டு இவை அதன் பொறுப்பு. நீங்கள் பணம் கட்டிய சென்டர் வேறொரு முதலாளியுடையது. அதனால் புகாரும் இரண்டாகப் போகும்.

முதலில் சென்டருக்கு ஈமெயில். போனில் பேசி மனசை ஆற்றிக்கொள்ள வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை டைவ், எந்தப் பயிற்சி அரைகுறை என்று எழுதி, விடுபட்டதை வேறொரு இன்ஸ்ட்ரக்டரிடம் செலவில்லாமல் முடித்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் பணம் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு வார கெடு போதும். பதில் சரியில்லை என்றால் அதே கடிதத்தை பேடியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் இன்ஸ்ட்ரக்டரை விசாரித்து மறுபயிற்சிக்கு அனுப்பலாம், இடைநீக்கம் செய்யலாம், உறுப்பினர் பட்டியலிலிருந்தே எடுக்கலாம். உங்கள் பணத்தை மட்டும் அவர்கள் வாங்கித் தரமாட்டார்கள்.

சாட்சி என்ன இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். கையில் டைவ் கம்ப்யூட்டர் கட்டியிருந்தால் ஒவ்வொரு டைவும் நேரம், ஆழத்தோடு அதில் பதிவாகியிருக்கும். கடன் வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பதிவு அழிவதற்குள் போட்டோ கேளுங்கள். சென்டர் அனுப்பிய கோப்ரோ வீடியோக்களின் தேதியும் உதவும். உங்களுக்குப் பாதகமானது ஒன்றும் உண்டு: ‘எல்லாப் பயிற்சியும் முடித்தேன்’ என்ற மாணவர் உறுதிமொழியில் கடைசி நாள் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். படகிலிருந்து இறங்கிய ஈரக் கையோடு யார் அதைப் படித்தார்கள்? என்றாலும் சென்டர் அதைத்தான் முதலில் நீட்டும். எந்தச் சூழ்நிலையில் போட்ட கையெழுத்து என்பதை உங்கள் கடிதத்திலேயே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: மகன் கல்லூரி விடுமுறையில் புதுச்சேரியில் ஸ்கூபா கற்க ஆசைப்படுகிறான். எல்லா சென்டரும் ‘சர்வதேசச் சான்றிதழ் பெற்ற இன்ஸ்ட்ரக்டர்’ என்றே விளம்பரம் செய்கிறார்கள். நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது?
— சென்னை வாசகர்

பதில்: அந்த வாசகம் பொய்யில்லை, ஆனால் அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. டைவிங் கற்று ஆறு மாதமும் 100 டைவும் ஆகி, அதற்கான பயிற்சிகளையும் முடித்திருந்தால் பேடி இன்ஸ்ட்ரக்டர் தேர்வு எழுதலாம். நேற்று பாஸானவரும் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்தவரும் விளம்பரத்தில் ஒன்றுதான்.

எனவே சென்டரைக் கேட்காமல் ஆளைக் கேளுங்கள். யார் சொல்லிக்கொடுப்பார், அவருடைய உறுப்பினர் எண் என்ன? அதை பேடி இணையதளத்தில் போட்டால் இப்போது பயிற்றுவிக்கும் தகுதி இருக்கிறதா என்று காட்டும். டைவ்மாஸ்டர் (இன்ஸ்ட்ரக்டருக்குக் கீழ்நிலையில் உள்ள வழிகாட்டி) என்று வந்தால் அவர் தனியாக இந்தக் கோர்ஸை நடத்த முடியாது. திறந்த நீரில் ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எட்டு மாணவர் வரை விதி அனுமதிக்கிறது. கலங்கிய தண்ணீரில் அது எனக்கு அதிகம். நான்கு பேருக்கு மேல் என்றால் வேறு பேட்ச் கேட்பேன்.

முடிந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு குளப் பயிற்சியைக் கரையில் நின்று பாருங்கள். மாணவர்கள் எல்லாரும் தரையில் வரிசையாக முழங்காலிட்டே பயிற்சி செய்கிறார்களா, கொஞ்சம் கொஞ்சமாக மிதந்தபடி செய்யப் பழகுகிறார்களா? கடலில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகும்போது முழங்காலிடத் தரை இருக்காது. கடைசியாக ஒரு கேள்வி: ‘மூன்றாம் நாளும் பையனுக்கு வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ ‘அதெல்லாம் வந்துவிடும் சார்’ என்று சிரித்தால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த சென்டருக்குப் போங்கள்.

விலை பாதிக்குப் பாதியாக இருந்தால் அது ஒருமுறை இறங்கிப் பார்க்கும் அறிமுக டைவாகத்தான் இருக்கும். அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் டைவ் செய்ய முடியாது.

கேள்வி: எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போதும் எப்போதாவது இன்ஹேலர் எடுப்பேன். மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுங்கள், அதுதான் சுலபம் என்கிறார் இன்ஸ்ட்ரக்டர். போடலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலில் சிக்கிய காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். சுருங்கிய மூச்சுக்குழாய் வழியாக அது வெளியேறாவிட்டால் நுரையீரல் கிழியும். உள்ளதை உள்ளபடி எழுதி, நுரையீரல் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். பொய்யாக ‘இல்லை’ போட்டால் பிறகு காப்பீடும் கைவிடும். இப்படிச் சொல்லித்தருகிற இன்ஸ்ட்ரக்டரிடம் எப்படியும் கற்க வேண்டாம். மருத்துவர் கூடாது என்றால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை அடுத்த சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.