சம்பளத்தை 30-ஆல் வகுக்காதீர்கள்

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் 11 வருடமாக டேட்டாபேஸ் வேலை. மாதம் ஒன்றரை லட்சம் கைக்கு வருகிறது. வேலையை விட்டுவிட்டுத் தனியாக கன்சல்டிங் செய்ய ஆசை. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் கேட்டால் அதே வருமானம் வந்துவிடும் அல்லவா? ஜி.எஸ்.டி. உடனே எடுக்க வேண்டுமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: வராது. ஞாயிற்றுக்கிழமைக்கும் காய்ச்சலுக்கும் கிளையன்ட் காசு தரமாட்டார். வருடத்தில் வேலை நாள் 260. விடுமுறை, பண்டிகை, உடம்பு முடியாத நாள் என 40 போனால் 220. அதிலும் கொட்டேஷன் போடுவது, பாக்கிக்கு நடையாய் நடப்பது, புது வெர்ஷன் படிப்பது எல்லாம் உங்கள் செலவு. முதல் வருடம் பில் போடக்கூடிய நாள் 130 தேறினாலே நல்லது. 18 லட்சத்தோடு மருத்துவக் காப்பீடு, லேப்டாப், ஆடிட்டர் ஃபீஸ், இதுவரை கம்பெனி கட்டிய பி.எஃப். பங்கு என்று ஒரு 3 லட்சம் சேருங்கள். 21 லட்சத்தை 130-ஆல் வகுத்தால் நாளுக்கு 16,000 ரூபாய்க்கு மேல். தொகை பெரிதாகத் தெரியும், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஒரு நிதியாண்டில் வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் 30 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கணக்கே தாண்டுகிறது. ஆகவே முதல் கொட்டேஷனிலேயே ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அந்த 18 சதவீதம் உங்கள் பையிலிருந்துதான் போகும். வெளிநாட்டு கிளையன்ட் என்றால், பதிவு எடுத்தபின் எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரியில்லாமல் பில் போடலாம். அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வருமான வரியில் 44ஏடிஏ என்று பழகிய அனுமான முறை ஐ.டி. தொழிலுக்கும் உண்டு. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். அட்வான்ஸ் டாக்ஸை மட்டும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வட்டி.

கேள்வி: பொழுதுபோக்காக தமிழில் சொற்பிழை திருத்தும் ஒரு மென்பொருள் எழுதிவருகிறேன். கம்பெனி லேப்டாப்பில்தான். உரிமை யாருக்கு?
- வாசகி, கோவை

பதில்: லேப்டாப்தான் சிக்கல். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்குத்தான் முதலாளி முதல் உரிமையாளர். ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ‘கம்பெனிக் கருவியில் உருவாக்கிய அனைத்தும்’ என்று இன்னும் அகலமாக எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தியை முதலில் படியுங்கள். பென் டிரைவில் புரோகிராமை வெளியே எடுக்காதீர்கள். அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும். ஹெச்.ஆரிடம் மெயிலில் எழுத்துபூர்வ ஒப்புதல் கேளுங்கள். இனி எழுதுவது சொந்த லேப்டாப், சொந்த மெயில், புரோகிராமைச் சேமிக்கும் சொந்த கிட் (Git) கணக்கில் இருக்கட்டும்.

வேளச்சேரிக்காரரும் இதைக் கவனிக்கலாம். கன்சல்டன்ட் ஊழியர் அல்ல. உரிமையை எழுத்தில் மாற்றித் தராதவரை பொதுவாக அவர் எழுதிய புரோகிராம் அவருடையதே. மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றே கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். விவரம் தெரிந்த கிளையன்ட் இரண்டையும் எழுதச் சொல்வார். அப்போது ‘முழுப் பணமும் வந்தபின்’ என்ற வார்த்தையை நீங்கள் சேர்த்துவிடுங்கள்.