சூரியனின் நெடுங்காலச் சுழற்சிகள்: வாசகர் கேள்விகள்

பென்னாகரத்து விவசாயி ஒருவர்: சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதாகப் படித்தேன். அதைவிட நீண்ட சுழற்சிகளும் உண்டாமே, அவற்றுக்கு என்ன காரணம்?

ஏறத்தாழ 90 ஆண்டு, 200 ஆண்டுச் சுழற்சிகள் பேசப்படுகின்றன. அவற்றின் காரணம் இன்னும் முடிவாகவில்லை. சூரியனுக்குள்ளேயே காரணம் இருக்கிறது என்பதே வலுவான கருத்து. சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளிலும், துருவப் பகுதி சுமார் 35 நாளிலும் ஒரு சுற்றை முடிப்பதால், உள்ளே இருக்கும் காந்தப்புலம் முறுக்கப்பட்டு வலுவடைகிறது. அது மேலெழுந்து வெளிப்படும் இடங்களே புள்ளிகள். புள்ளிகள் சிதைந்தபின் எஞ்சும் காந்தப்புலத்தில் ஒரு பகுதி துருவங்களைச் சென்றடைந்து, நீங்கள் அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கும் விதைக் கேழ்வரகைப் போல, அடுத்த சுழற்சியின் வலிமையைத் தீர்மானிக்கிறது. வழக்கத்துக்கு மாறான சாய்வுடன் தோன்றும் சில பெரிய புள்ளிக் கூட்டங்கள்கூட அந்த விதையை நலிவடையச் செய்யலாம். இத்தகைய தற்செயல்கள் சேர்ந்தாலே பல பத்தாண்டு ஏற்ற இறக்கங்கள் உருவாகும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அப்படியானால் நீண்ட சுழற்சிகளில் சில உண்மையில் சுழற்சிகளே அல்ல. எனக்கும் இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

ஓசூர் வாசகி: வியாழன் 11.86 ஆண்டுகளில் சூரியனைச் சுற்றுகிறதே, கோள்களின் ஈர்ப்பு காரணமாகாதா?

1859-இலேயே சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வுல்ஃப் இப்படி எண்ணினார். இன்றும் சில ஆய்வாளர்கள் இதை வலியுறுத்துகிறார்கள். ஆனால் கோள்கள் தம் ஈர்ப்பால் சூரியனில் எழுப்பும் ஓதத்தின், அதாவது மேற்பரப்பு வீக்கத்தின், உயரம் ஒரு மில்லிமீட்டர் அளவைக்கூட எட்டுவதில்லை. மேலும் புள்ளிச் சுழற்சி 9 ஆண்டுகளிலும் முடிந்திருக்கிறது, 13 ஆண்டுகளைத் தாண்டியும் நீண்டிருக்கிறது; வியாழனோ தன் காலக்கணக்கில் பிசகுவதில்லை.

தேன்கனிக்கோட்டை மாணவர்: தொலைநோக்கி வருவதற்கு முந்தைய காலத்தை எப்படி அறிகிறார்கள்?

மரவளையங்களில் உள்ள கார்பன்-14, துருவப் பனிக்கட்டியில் உள்ள பெரிலியம்-10 ஆகியவற்றைக் கொண்டுதான். சூரியனின் காந்தப்புலம் தளரும்போது விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் அதிகம் நுழைவதால் இவை கூடுதலாக உருவாகின்றன; 1645 முதல் 1715 வரை புள்ளிகள் மிக அரிதாகிவிட்ட மாண்டர் சிறுமக் காலம் இவற்றில் தெளிவாகப் பதிந்துள்ளது. இந்தச் சான்றுகள் இன்றியமையாதவை. ஏனென்றால், தொலைநோக்கிப் பதிவு 1610-இல்தான் தொடங்குகிறது. அந்த நீளத்துக்குள் 200 ஆண்டுச் சுழற்சி இரண்டு முறை மட்டுமே அடங்கும். இரண்டை வைத்து ஒழுங்கு உண்டென்று சொல்லலாகாது.

காரிமங்கலம் வாசகர்: நம் மாவட்டத்து வறட்சியை இதைக்கொண்டு கணிக்க முடியுமா?

முடியாது. 11 ஆண்டுச் சுழற்சியில் சூரிய ஆற்றல் மாறும் அளவு சுமார் 0.1 சதவீதமே, அதை நம்பி விதைப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.