‘ரைசிங் அரிசோனா’ படத்தைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலருக்கு ஒட்டவே இல்லை. ஏன்?

கோயன் சகோதரர்கள் 1987-இல் எடுத்த படம். கடைகளில் கொள்ளையடித்துச் சிறைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் ஒருவன் (நிக்கோலஸ் கேஜ்), சிறையில் தன்னைப் புகைப்படம் எடுத்த போலீஸ்காரியையே (ஹாலி ஹண்டர்) கல்யாணம் செய்துகொள்கிறான். குழந்தை பிறக்காது என்று தெரிந்ததும், ஒரே பிரசவத்தில் ஐந்து குழந்தைகள் பிறந்த பணக்காரர் வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்துவிடுகிறார்கள்.

சண்டை பெரும்பாலும் வசனத்தைப் பற்றித்தான். படிப்பில்லாத திருடன் பழைய நாவலை வாசிப்பது போலப் பேசுகிறான். விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு இதுதான் எரிச்சல். மிகக் குறைந்த மதிப்பெண்ணே போட்டார். ரசிகர்களுக்கோ அந்தப் பொருத்தமின்மைதான் சிரிப்பு. நான் அவர்கள் கட்சி. டயப்பர் திருடப் போய், போலீசும் நாய்களும் துரத்த அவன் ஓடும் காட்சி ஒன்று போதும்.

குழந்தைக் கடத்தலை வைத்துச் சிரிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தையை இழந்த வீட்டின் வலியைப் படம் கடைசியில் மறைப்பதில்லை. உண்மையில் கருப்பு நகைச்சுவை (கொடுமையான விஷயங்களை வைத்துச் சிரிக்க வைப்பது) என்பதைவிடக் கார்ட்டூன் தன்மைதான் இதில் அதிகம். இருட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள்.